படகு பத்திரமான இடமா?

சென்ற இதழில், எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சுட்டுச் சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த 1914 செப்டம்பர் 22 இரவைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், எம்டனை விட்டுவிட்டு நீர்மூழ்கிகளைப் பற்றியே கேட்கின்றன. 34 வருஷம் சரக்குக் கப்பலில் போனவன் நான். டார்பிடோ வந்து மோதுகிற இடத்தில் இருப்பவர்கள் என் ஆட்கள். அதனால் இந்த விஷயத்தில் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம். தகவலில் மட்டும் தவறு வராமல் பார்த்துக்கொள்கிறேன்.

எம்டனும் சரக்குக் கப்பல்களைத்தான் மூழ்கடித்தது. அதன் கேப்டனை எதிரிகளே கண்ணியவான் என்று புகழ்ந்தார்கள். அதே வேலையைச் செய்த நீர்மூழ்கிக்காரர்களுக்கு மட்டும் ஏன் கெட்ட பெயர்?
— ஓய்வுபெற்ற தபால்காரர், ராயபுரம்

ஐயா, மூழ்கடித்த விதம்தான் வித்தியாசம். வங்காள விரிகுடாவில் எம்டன் ஒரு கப்பலைப் பார்த்தால் முதலில் நிற்கச் சொல்லும். படகில் ஓர் அதிகாரி ஆட்களோடு போய் ஏறிக் காகிதங்களைப் பார்ப்பார். எதிரி நாட்டுக் கப்பல் என்று உறுதியானால் மாலுமிகளை இறக்கிக்கொள்வார்கள், அப்புறம்தான் மூழ்கடிப்பார்கள். அந்தச் செப்டம்பரில் கபிங்கா என்ற கப்பல் பிடிபட்டது. அதிலிருந்த சரக்கு நடுநிலை நாடான அமெரிக்காவைச் சேர்ந்தவர்களுடையது. எனவே கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அதை மூழ்கடிக்கவில்லை. மற்ற கப்பல்களிலிருந்து இறக்கிய மாலுமிகளை அதில் ஏற்றி அனுப்பிவிட்டார். கடல்போரின் பழைய வழக்கம் இதுதான்: நிறுத்து, சோதனை போடு, ஆளை இறக்கு, பிறகு கப்பலை என்ன வேண்டுமானாலும் செய். (சென்னையில் அவருடைய குண்டு பட்டுச் செத்தவர்களும் உண்டு. புகழ்கிறபோது அதை மறந்துவிடக் கூடாது.)

இப்போது ஒரு தற்செயலைச் சொல்கிறேன். எம்டன் சென்னையைச் சுட்ட அதே செப்டம்பர் 22 காலையில், ஹாலந்துக் கடற்கரைக்கு அப்பால் யு-9 என்ற சின்னஞ்சிறு ஜெர்மன் நீர்மூழ்கி, அபூகிர், ஹோக், கிரெஸ்ஸி என்ற 3 பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் 1,459 பேர் போய்விட்டார்கள். ஒரே நாளில் பழைய வழக்கத்தின் கடைசி நாயகன் இந்தப் பக்கம், புதிய ஆயுதம் அந்தப் பக்கம்.

அந்தப் புதிய ஆயுதமும் சரக்குக் கப்பல் விஷயத்தில் முதலில் பழைய வழக்கத்தையே பின்பற்றப் பார்த்தது. அக்டோபர் 20 அன்று யு-17, நார்வே கரையோரம் கிளிட்ரா என்ற சிறிய பிரிட்டிஷ் கப்பலை நிறுத்தியது. ஆட்களைப் படகில் இறக்கி, கப்பலின் அடி வால்வுகளைத் திறந்து மூழ்கடித்துவிட்டு, அந்தப் படகுகளைக் கரைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் இழுத்துக்கொண்டு போய் விட்டது. நீர்மூழ்கி மூழ்கடித்த முதல் சரக்குக் கப்பல் அதுதான். ஒருவர்கூடச் சாகவில்லை.

ஆனால் அது தொடர முடியாது என்பதற்கான காரணம் நீர்மூழ்கியின் உடம்பிலேயே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி அதிகமாகக் கட்டிய ஏழாம் வகை நீர்மூழ்கியை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 67 மீட்டர். உள்ளே 45, 50 பேர். அவர்களுக்கே படுக்கை போதாது, ஒருவர் எழுந்தால் அடுத்தவர் படுக்க வேண்டும். பிடித்த 40 மாலுமிகளை எங்கே வைப்பது? கைப்பற்றிய கப்பலை ஓட்டிக்கொண்டு போக ஆளும் கிடையாது. தண்ணீருக்கு மேலே வந்தால் அதைப் போல நோஞ்சான் இல்லை. சரக்குக் கப்பலின் பின்பக்கம் பொருத்திய ஒரே ஒரு பழைய பீரங்கி அதன் தோலில் ஒரு ஓட்டை போட்டால் போதும், பிறகு முங்கவே முடியாது. முதல் உலகப் போரிலேயே பிரிட்டன் சரக்குக் கப்பல்களில் பீரங்கி வைத்தது. சரக்குக் கப்பல் வேஷத்தில் போர்க்கப்பல்களையும் அனுப்பியது. மேலே வந்து 'நில்' என்று சொல்கிற நீர்மூழ்கிக்கு அது தற்கொலை ஆயிற்று. ஒளிந்திருந்து சொல்லாமல் அடிப்பது மட்டுமே மிச்சம். அப்படித்தான் 1915 மே 7-இல் லூசிடானியா போனது. ஒரே டார்பிடோ, 18 நிமிஷம், ஏறத்தாழ 1,200 உயிர்.

எச்சரிக்காமல் சரக்குக் கப்பலைத் தாக்குவதைச் சர்வதேசச் சட்டம் அனுமதிக்கிறதா? வகுப்பில் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள்.
— சட்டக் கல்லூரி மாணவர், மதுரை

தம்பி, 1936 நவம்பர் 6-ஆம் தேதி லண்டனில் ஒப்புக்கொண்ட நெறிமுறையைத் தேடிப் படியுங்கள். ஒரு பக்கம்கூட வராது. சாரத்தை நான் சொல்லிவிடுகிறேன்: மேலே மிதக்கிற போர்க்கப்பலுக்கு என்ன விதியோ அதேதான் நீர்மூழ்கிக்கும். நிறுத்தச் சொல்லியும் பிடிவாதமாக நிற்காமல் ஓடினாலோ, சோதனையை எதிர்த்துச் சண்டை போட்டாலோ தவிர, பயணிகளையும் மாலுமிகளையும் கப்பல் காகிதங்களையும் பத்திரமான இடத்தில் சேர்க்காமல் ஒரு சரக்குக் கப்பலை மூழ்கடிக்கக் கூடாது. பிரிட்டன், அமெரிக்கா, ஜப்பான், இத்தாலி, ஜெர்மனி எல்லாமே இதை ஏற்றுக்கொண்டவை. 10 வருஷத்துக்குள் அத்தனை பேரும் மீறினார்கள்.

அந்த நெறிமுறையில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து வரும் வாக்கியம். கப்பலின் உயிர்காப்புப் படகைப் பத்திரமான இடமாகக் கருத முடியாது என்கிறது அது. அன்றைய அலை, காற்று நிலைமையில் கரை பக்கத்தில் இருந்தாலோ, ஏற்றிக்கொள்ள வேறொரு கப்பல் அருகில் இருந்தாலோ மட்டும்தான் படகு பத்திரம். இதை எழுதியவர்களில் ஒருவராவது படகில் உட்கார்ந்து பார்த்தவராக இருந்திருக்க வேண்டும்.

நான் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். டெக் கேடட்டாகச் சேர்ந்த முதல் வருஷம், துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தபோது படகு டிரில். அப்போதெல்லாம் மேலே மூடி இல்லாத திறந்த படகுகள். 20 பேர் இறங்கினோம். என்ஜின் கிளம்பவில்லை. நீரோட்டம் எங்களைக் கப்பலிலிருந்து தள்ளிக்கொண்டு போய்விட்டது. இன்னொரு படகு வந்து எங்களை இழுக்க 4 மணி நேரம் ஆயிற்று. ஓர் ஆளுக்கு உட்கார 43 சென்டிமீட்டர் இடம், முழங்கால் அடுத்தவர் முதுகில் இடிக்கும். அரை மணிக்குள் போசன் (டெக் மாலுமிகளின் தலைவர்) வாந்தி எடுத்தார், 20 வருஷ அனுபவசாலி. ஒருவர் எடுத்தால் போதும், வரிசையாக எல்லோரும். உச்சி வெயில். தண்ணீர் டின்னைத் திறந்தால் துருவேறிப் பழுப்பாக வந்தது. டின்னை மாற்ற வேண்டிய தேதி கடந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எந்தக் கம்பெனி என்பது இப்போது வேண்டாம். கப்பல் எங்கள் கண்ணுக்கு எதிரேயே நின்றது, யாரும் எங்களைச் சுடவில்லை, யாருக்கும் காயமில்லை. அந்த நிலையிலேயே ஒரு சின்னப் பையன், மெஸ்ஸில் வேலை பார்த்தவன், அழ ஆரம்பித்துவிட்டான்.

இதையே நடு அட்லாண்டிக்கில், நவம்பர் இரவில், பாதிப் பேர் உடம்பில் எண்ணெய் அப்பிக்கொண்டு, 800 மைல் தூரத்தில் கரை என்று வைத்துப் பாருங்கள். ஆட்கள் படகில் ஏறிவிட்டார்கள், இனி அவர்கள் பாடு என்று ஒரு கேப்டன் சொன்னால் அது ஏன் சட்டத்துக்கு ஒவ்வாது என்று புரியும்.

வகுப்பில் இரண்டு விதமாகச் சொல்வதற்கு, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெர்மன் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம் காரணம். அதற்குக் கீழே வருகிறேன்.

அறம், சட்டம் எல்லாம் இருக்கட்டும். எச்சரிக்காமல் சரக்குக் கப்பலை மூழ்கடிப்பது போர்த் தந்திரமாகப் பலித்ததா?
— நூற்பாலை மேலாளர், கோயம்புத்தூர்

ஜெர்மனிக்கு இரண்டு முறையும் பலிக்கவில்லை. அமெரிக்காவுக்குப் பலித்தது.

1916 டிசம்பரில் ஜெர்மன் கடற்படைத் தலைமை அதிகாரி ஹோல்ட்ஸன்டார்ஃப் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். மாதம் 6 லட்சம் டன் கப்பலை மூழ்கடித்தால் 5 மாதத்தில் பிரிட்டன் பணியும், அமெரிக்கா போருக்கு வந்தாலும் அதன் படை ஐரோப்பாவில் கால் வைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும் என்றது கணக்கு. 1917 பிப்ரவரி 1 முதல் கட்டுப்பாடற்ற தாக்குதல், அதாவது எச்சரிக்காமல் மூழ்கடிப்பது, தொடங்கியது. ஏப்ரலில் மூழ்கியது 8 லட்சத்து 50 ஆயிரம் டன்னுக்கும் மேல், கணக்கில் சொன்னதைவிட அதிகம். ஆனாலும் பிரிட்டன் பணியவில்லை. கோதுமையை ரேஷனில் கொடுக்கலாம், புல்வெளியை உழுது வயலாக்கலாம், கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்துக் காவலோடு அனுப்பலாம் என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வரவில்லை. அப்படிக் கூட்டமாக அனுப்பும் கான்வாய் முறை மே மாதம் வந்தது. அதற்கு முன்பே, ஏப்ரல் 6-இல், அமெரிக்கா போருக்குள் வந்துவிட்டது. அடுத்த போரில் ஏறத்தாழ 40,000 ஜெர்மானியர் நீர்மூழ்கிகளில் போனார்கள், நாலில் மூன்று பேர் திரும்பவில்லை. எதிரி என்றாலும் அந்த எண்ணைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

பசிபிக்கில் கதை வேறு. அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பரை ஜப்பான் தாக்கிய சில மணி நேரத்தில், ஜப்பானுக்கு எதிராகக் கட்டுப்பாடற்ற விமான, நீர்மூழ்கிப் போரை நடத்தும்படி வாஷிங்டனிலிருந்து உத்தரவு போனது. 1917-இல் எதற்காகப் போருக்கு வந்தார்களோ, அதையே 1941-இல் முதல் நாளே கையில் எடுத்தார்கள். ஜப்பான் ஒரு தீவு நாடு. எண்ணெய், இரும்புத்தாது, அரிசி எல்லாம் கப்பலில்தான் வர வேண்டும். சரக்குக் கப்பலுக்குக் காவல் போவதை ஜப்பானியக் கடற்படை இரண்டாம்தர வேலையாகவே வெகுநாள் நினைத்தது. அமெரிக்கக் கடற்படையில் நீர்மூழ்கிப் பிரிவு 2 சதவீதம்தான். ஜப்பான் இழந்த கப்பல்களில் பாதிக்கு மேல் அந்த 2 சதவீதத்தின் வேலை. அவர்களும் 52 நீர்மூழ்கிகளை இழந்தார்கள். அந்த வெற்றியின் விலையாக, 1944 ஆகஸ்டில் ஒகினாவாவிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன ட்சுஷிமா மாரு என்ற கப்பலும் மூழ்கியது. உள்ளே யார் இருக்கிறார்கள் என்று பெரிஸ்கோப்பில் தெரியாது. நிறுத்திச் சோதனை போடு என்ற பழைய விதி இதற்காகத்தான் இருந்தது.

பிரிட்டன் கடல் முற்றுகை போட்டு ஜெர்மன் குழந்தைகளைப் பட்டினி போட்டதே, அது மட்டும் நியாயமா?
— புத்தகக் கடைக்காரர், கும்பகோணம்

நியாயம் இல்லை. 1914 நவம்பரிலேயே வடகடல் முழுவதையும் போர்ப் பகுதி என்று பிரிட்டன் அறிவித்தது. உணவையும் தடைப்பொருளாக்கியது. 1916-17 குளிர்காலத்தில் ஜெர்மனியில் உருளைக்கிழங்குகூட இல்லாமல் மாட்டுத் தீவனமான டர்னிப் கிழங்கைத் தின்றார்கள். சண்டை நின்றது 1918 நவம்பர் 11-இல். முற்றுகை முழுதாக விலகியது 1919 ஜூலையில். அந்த எட்டு மாதத்தை என்னால் எந்த வாதத்தாலும் ஏற்க முடியவில்லை.

ஒரு கப்பல்காரனாக ஒரே ஒரு வித்தியாசத்தைச் சொல்வேன். முற்றுகையில் நின்ற கப்பல் ஒரு சரக்குக் கப்பலைத் திருப்பி அனுப்பினால் மாலுமிகள் உயிரோடு வீடு திரும்பினார்கள். கரையில் இருந்த குழந்தைக்கு அது எந்த ஆறுதலும் இல்லை. குழந்தை பெர்லினில் இருக்கிறதா, லிவர்பூலில் இருக்கிறதா என்பதை வைத்து நியாயம் மாறக் கூடாது. நீங்கள் கேட்டது சரியான கேள்வி.

ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி தான் மூழ்கடித்த கப்பலின் ஆட்களைத் தானே காப்பாற்றியதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? கடைசியில் என்ன ஆயிற்று?
— ஆசிரியை, நாகர்கோவில்

உண்மை. 1942 செப்டம்பர் 12 இரவு, மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால், யு-156-இன் கேப்டன் வெர்னர் ஹார்ட்டன்ஸ்டைன் லகோனியா என்ற பிரிட்டிஷ் கப்பலை மூழ்கடித்தார். தண்ணீரிலிருந்து வந்த கூக்குரல் இத்தாலிய மொழியில் இருந்தது. கப்பலில் 1,800 இத்தாலியப் போர்க்கைதிகள், அதாவது அவருடைய கூட்டாளி நாட்டு வீரர்கள். பெண்கள், குழந்தைகளும் இருந்தார்கள். அவர் எல்லோரையும் தூக்க ஆரம்பித்தார். 200 பேரைத் தன் நீர்மூழ்கியிலேயே, மேல்தளத்திலும் உள்ளேயும், ஏற்றிக்கொண்டார். இன்னும் 200 பேர் இருந்த படகுகளைக் கயிற்றில் கட்டிக்கொண்டார். மறுநாள் காலை வானொலியில், மறைகுறி இல்லாமல், ஆங்கிலத்திலேயே அறிவித்தார்: உதவிக்கு எந்தக் கப்பல் வந்தாலும், என்னைத் தாக்காதவரை நான் தாக்க மாட்டேன். வேறு இரண்டு ஜெர்மன் நீர்மூழ்கிகளும் ஓர் இத்தாலிய நீர்மூழ்கியும் உதவிக்கு வந்தன.

16-ஆம் தேதி அசென்ஷன் தீவிலிருந்து ஓர் அமெரிக்க விமானம் வந்தது. ஹார்ட்டன்ஸ்டைன் செஞ்சிலுவைக் கொடியை விரித்துக் காட்டினார். விமானம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய், உத்தரவு கேட்டுக்கொண்டு திரும்பி வந்து குண்டு போட்டது. ஒரு குண்டு படகுகளுக்கு நடுவில் விழுந்தது. அவர் கயிற்றை அறுத்துவிட்டு, மேலே இருந்தவர்களைத் தண்ணீரில் இறங்கச் சொல்லிவிட்டு முங்கினார்.

மறுநாளே நீர்மூழ்கிப் படைத் தலைவர் டோனிட்ஸ் உத்தரவு போட்டார்: இனி யாரையும் காப்பாற்றக் கூடாது, கவிழ்ந்த படகை நிமிர்த்தி வைக்கவும் கூடாது, தண்ணீரோ சாப்பாடோ கொடுக்கவும் கூடாது. அந்த ஒரு குண்டுக்கு அப்புறம் எத்தனை மாலுமிகள் ஒரு வாய்த் தண்ணீர் கிடைக்காமல் செத்தார்கள் என்பதை யாரும் எண்ண முடியாது.

அம்மா, இதற்கு நேர் எதிரானதையும் சொல்லிவிடுகிறேன். 1944 மார்ச் 13 இரவு யு-852, பீலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தது. மிதக்கிற சாமான்களைப் பகலில் விமானம் பார்த்துவிட்டால் தன்னைத் தேடி வந்துவிடும் என்று பயந்த கேப்டன் எக், மிதவைகளை அழிக்கச் சொன்னார். மிதவைகளைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் இருந்தார்கள். இயந்திரத் துப்பாக்கியும் கைக்குண்டும் மணிக்கணக்கில் வேலை செய்தன. ஐந்து வாரம் கழித்து ஒரு போர்ச்சுகீசியக் கப்பல் மூன்றே பேரை உயிரோடு எடுத்தது. 1945-இல் ஹாம்பர்க்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் எக்கையும் இன்னும் இருவரையும் சுட்டுக் கொல்லத் தீர்ப்புச் சொன்னது. அந்த இருவரில் ஒருவர் நீர்மூழ்கியின் டாக்டர். நீர்மூழ்கியின் என்ஜினியர் லென்ஸ் அந்த உத்தரவை எதிர்த்துப் பேசியவர். ஆனால் பிறகு அவரும் சுட்டார், அவருக்கு ஆயுள் தண்டனை. எதிர்த்துப் பேசியதோடு அவர் நின்றிருக்கலாம். நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது அவரைத்தான்.

டோனிட்ஸுக்கு நியூரம்பர்க்கில் நீர்மூழ்கிப் போருக்காகத் தண்டனை கிடைக்கவில்லை என்கிறார்களே?
— வங்கி ஊழியர், சேலம்

அவருக்கு 10 வருஷச் சிறை. ஆனால் நீர்மூழ்கிப் போரில் செய்த சட்டமீறலுக்காகத் தண்டனையைக் கூட்டவில்லை என்று 1946 தீர்ப்பிலேயே இருக்கிறது. அவருடைய வக்கீல் கிரான்ஸ்பூலர் கடற்படை நீதிபதியாக இருந்தவர். அமெரிக்க அட்மிரல் நிமிட்ஸுக்கு எழுத்தில் கேள்வி அனுப்பினார். பசிபிக்கில் நாங்களும் முதல் நாளிலிருந்து அப்படித்தான் செய்தோம் என்று நிமிட்ஸ் ஒளிக்காமல் பதில் கொடுத்தார். டென்மார்க்குக்கும் நார்வேக்கும் நடுவிலுள்ள ஸ்காகெராக் நீரிணையில் இரவில் கண்ட கப்பலையெல்லாம் மூழ்கடிக்கும்படி 1940 மே மாதத்தில் பிரிட்டனும் உத்தரவு போட்டிருந்தது.

மதுரைத் தம்பிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். பீரங்கி வைத்துக்கொண்டு, நீர்மூழ்கியைக் கண்டதும் வானொலியில் இடத்தைச் சொல்லிக் கடற்படைக்குத் துப்புக் கொடுத்த பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கியதற்காக டோனிட்ஸைக் குற்றவாளியாக்க நீதிமன்றம் தயாராக இல்லை. நடுநிலை நாட்டுக் கப்பல்களை எச்சரிக்காமல் மூழ்கடித்தது நெறிமுறையை மீறியதுதான் என்றது. தப்பியவர்களைக் கைவிட்டதைப் பற்றி நீதிபதிகள் எழுதியதை இங்கே என் வார்த்தையில் தருகிறேன்: காப்பாற்ற உன்னால் முடியாது என்றால் மூழ்கடிக்கவும் உனக்கு உரிமையில்லை, அந்தக் கப்பலை உன் பெரிஸ்கோப்புக்கு முன்னாலேயே போக விட வேண்டும்.

இரண்டு தரப்பும் செய்ததால் விதி செத்துவிட்டது என்று வாதிடுகிறவர்கள் உண்டு. நான் ஒப்ப மாட்டேன். இருவர் திருடியதால் ஒருவரைத் தண்டிக்க முடியவில்லை என்றால், திருட்டு குற்றமில்லை என்று ஆகிவிடாது. விதி அங்கேதான் இருக்கிறது. அதன்படி பார்த்தால் நிமிட்ஸின் கேப்டன்களும் குற்றவாளிகள் என்று சொல்ல வேண்டிவரும், சொல்லத்தான் வேண்டும்.

கொழும்புக்கு வந்துகொண்டிருந்த 'கெடிவ் இஸ்மாயில்' கப்பலின் ஆட்கள் மீது பிரிட்டிஷ் கப்பலே குண்டு போட்டது சரியா?
— வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

இந்தக் கேள்விக்கு மூன்று நாள் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

1944 பிப்ரவரி 12. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்கு வந்த கான்வாய், மாலத்தீவுப் பக்கம். ஐ-27 என்ற ஜப்பானிய நீர்மூழ்கியின் இரண்டு டார்பிடோக்கள் கெடிவ் இஸ்மாயிலில் பட்டன. இரண்டு நிமிஷத்துக்குள் கப்பல் இல்லை. ஆப்பிரிக்கப் படைவீரர்கள், நர்சுகள் எல்லாமாக 1,500 பேர் இருந்த கப்பல். தப்பி மேலே மிதந்தது சில நூறு பேர். காவலுக்கு வந்த பெட்டார்ட், பாலடின் என்ற இரண்டு போர்க்கப்பல்களும் நீர்மூழ்கியைத் தேடின. அது ஒளிந்திருந்தது மிதந்துகொண்டிருந்தவர்களுக்கு நேர் அடியில். கான்வாயில் இன்னும் 4 கப்பல்கள், அவற்றில் ஆயிரக்கணக்கானோர். பெட்டார்ட் அங்கே டெப்த் சார்ஜ்களைப் போட்டது. தண்ணீருக்குள் வெடிக்கிற டெப்த் சார்ஜ் மிதக்கிறவனின் குடலைக் கிழித்துவிடும். நீர்மூழ்கி மேலே வந்து கடைசியில் மூழ்கியது. மொத்தம் சுமார் 1,300 பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்த பெண்கள் 6 பேர்.

பீலியஸும் இதுவும் ஒன்றல்ல. எக்கின் துப்பாக்கி மிதந்தவர்களையே குறிவைத்தது. பெட்டார்டின் குறி நீர்மூழ்கி. நான்கு கப்பல்களின் பாரம் அந்தக் கேப்டன் தலைமேல் இருந்தது. அவர் செய்தது சட்டப்படி குற்றம் என்று என்னால் சொல்ல முடியாது. அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அந்த உத்தரவு என் வாயிலிருந்து வந்திருக்குமா? வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். சரி என்ற வார்த்தையை மட்டும் அதற்குப் போட எனக்குக் கை வரவில்லை.

இந்தக் கப்பல்களில் நம் இந்திய மாலுமிகளும் இருந்தார்களா?
— கல்லூரி மாணவி, தூத்துக்குடி

என் ஊர்ப் பிள்ளை கேட்டுவிட்டது. நிறையவே இருந்தார்கள். பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இந்தியத் துணைக்கண்டத்து மாலுமி. லாஸ்கர் என்று அழைப்பார்கள். பெரும்பாலும் அடித்தளத்தில் வேலை: நிலக்கரி அள்ளுவது, என்ஜினுக்கு எண்ணெய் விடுவது. டார்பிடோ படுவது அங்கேதான். வெள்ளைக்கார மாலுமியின் சம்பளத்தில் சிறு பங்குதான் இவர்களுக்கு.

ஒரு கப்பலைச் சொல்கிறேன். சிட்டி ஆஃப் கெய்ரோ. 1942 அக்டோபரில் பம்பாயிலிருந்து கிளம்பியது, 2,000 பெட்டி வெள்ளி ரூபாய் நாணயங்களோடு. மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியர். நவம்பர் 6 இரவு, செயின்ட் ஹெலினா தீவுக்குத் தெற்கே யு-68 அதை மூழ்கடித்தது. கேப்டன் மெர்ட்டன் படகுகளின் பக்கம் வந்து, கரை எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டு, "குட் நைட், உங்களை மூழ்கடித்ததற்கு வருந்துகிறேன்" என்றார். ரொம்பப் பேர் இந்த வாக்கியத்தை அழகாக இருக்கிறது என்று மேற்கோள் காட்டுகிறார்கள். கரை ஏறத்தாழ 500 மைல் தூரத்தில். 1936 நெறிமுறை எழுதியவர்கள் 'பத்திரமான இடம் அல்ல' என்று சொன்னது இதைத்தான். 100 பேருக்கு மேல் இறந்தார்கள், பலர் படகிலேயே, தாகத்தில். ஒரு படகு 51 நாள் கழித்து பிரேசில் பக்கம் கிடைத்தபோது உள்ளே இரண்டு பேர்தான் உயிரோடு. அந்த வெள்ளியை 70 வருஷம் கழித்து 5,150 மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். 1943 ஜனவரி 26 அன்று நியூ கினிக்கு வடக்கே, வாஹூ என்ற அமெரிக்க நீர்மூழ்கி புயோ மாரு என்ற ஜப்பானியக் கப்பலை மூழ்கடித்தது. பிறகு மேலே வந்து படகுகளைச் சுட்டது. தண்ணீரில் இருந்தவர்களில் சிங்கப்பூரில் பிடிபட்ட இந்தியப் போர்க்கைதிகளும் இருந்தார்கள், பஞ்சாப் ரெஜிமென்ட் வீரர்கள். அந்தக் கப்பலில் போனவர்களில் 195 இந்தியர்கள் இறந்ததாகப் பின்னாளில் கணக்கிட்டார்கள். கேப்டன் மார்ட்டன் மீது வழக்கே இல்லை, பதக்கம்தான் கிடைத்தது. எக்கைச் சுட்டுக் கொன்ற அதே நீதி இங்கே கண்ணை மூடிக்கொண்டது.

இரண்டாம் உலகப் போரில் இறந்த 6,000 இந்திய மாலுமிகளின் பெயர்கள் கல்லில் இல்லை. புத்தகத்தில் எழுதி, மும்பையில் ஒன்று, சிட்டகாங்கில் ஒன்று வைத்திருக்கிறார்கள். கப்பல் ஏற மும்பை போகிற பிள்ளைகள் யாராவது மஸ்ஜித் பந்தர் பக்கம் இருக்கும் மாலுமிகள் இல்லத்தில் கேட்டுப் பாருங்கள்.

என் மகன் மரைன் என்ஜினியரிங் முடித்து முதல் கப்பலுக்குப் போகிறான். பழைய கதைகளைப் படித்தால் பயமாக இருக்கிறது. என்ன சொல்லி அனுப்ப?
— ஒரு தாய், காரைக்கால்

பயப்படுவது தாய்க்கு இயல்பு, அம்மா. 1987-இல் ஈரான்–ஈராக் போரின்போது நான் மூன்றாம் அதிகாரியாக ஹார்முஸ் நீரிணை வழியே ஒரு டேங்கரில் போனேன். விளக்குகளை அணைத்துவிட்டு, கேபினில் படுக்காமல், மெஸ் ரூம் தரையில் லைஃப் ஜாக்கெட்டைத் தலையணையாக வைத்துக்கொண்டு படுத்தோம். கீழே என்ஜின் ரூமில் வாட்ச் பார்த்தவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. உங்கள் மகனும் அங்கேதான் வேலை செய்யப்போகிறார். இப்போதைய படகுகள் மேலே மூடியவை, தண்ணீரும் மருந்தும் தேதிப்படி மாற்றுகிறார்கள், எங்கள் காலம் இல்லை.

ஏறிய முதல் நாளே இரண்டு காரியம் செய்யச் சொல்லுங்கள். என்ஜின் ரூமின் அவசர ஏணியில் மேல்தளம் வரை ஒரு தடவை, எத்தனை படி என்று எண்ணிக்கொண்டே ஏறிப் பார்க்கட்டும். அப்புறம் லைஃப் ஜாக்கெட்டைக் கண்ணை மூடிக்கொண்டு கட்டிப் பழகட்டும். விளக்குப் போன பிறகுதான் அது தேவைப்படும்.